வேனில் ஏற்றிவிடலாமா, ஊர்ப் பள்ளியிலேயே விடலாமா?

கேள்வி:

டீச்சருக்கு வணக்கம். எங்களுடையது குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். வீட்டுக்காரர் வீட்டிலேயே கைத்தறி போட்டுக் கைலி நெய்கிறார். மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நான் படித்த காலத்தில் அதே பள்ளியில் 150 பேர் இருந்தோம். இப்போது 32 பேர், இரண்டே டீச்சர்கள். எங்கள் தெருவில் இவளையும் இன்னொரு பையனையும் தவிர எல்லாப் பிள்ளைகளும் வேனில் மெட்ரிக் பள்ளிக்குப் போகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் இவளைவிடச் சின்னவள், ஆங்கிலத்தில் பாட்டுப் பாடுகிறாள். என் மகள் தமிழையே தடுக்கித் தடுக்கிப் படிக்கிறாள். “கூலிக்காரன் பிள்ளைகளோடும் காலனிப் பிள்ளைகளோடும் உட்கார வைத்து அவளைக் கெடுக்கிறாய்” என்று மாமியார் தினமும் சொல்கிறார். மெட்ரிக் பள்ளியில் ஆண்டுக்கு 26,000 ரூபாய், வேனுக்கு மாதம் 800 ரூபாய் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்தால் கட்டிவிடலாம். ஆனால் அரசுப் பள்ளியை விட்டுப் போனால் டாக்டர் படிப்புக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு போய்விடும் என்கிறான் என் தம்பி. அரசுப் பள்ளியை இன்னும் நம்பலாமா? நான் என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம், குடியாத்தம் வட்டம்

பதில்:

அம்மா, உங்கள் கடிதம் இரண்டு நாள் என் மேசைமேலேயே கிடந்தது. நீங்கள் நேரடியாகக் கேட்காத ஒரு கேள்வி அதற்குள் இருந்து என்னைக் குத்திக்கொண்டிருந்தது. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் தம்பி சொன்னதை முடித்துவிடுவோம்.

அவர் சொன்னது பாதி சரி. 2020-ல் வந்த சட்டத்தின்படி, நீட் தேர்வு எழுதித் தகுதி பெறும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் உண்டு. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. ஆனால் இதற்கு அவர்கள் பார்ப்பது ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்பதைத்தான். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. ஆகவே நான்கும் ஐந்தும் உங்கள் மகள் எங்கே படித்தாலும் எதுவும் பறிபோய்விடாது. யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் ஆறாம் வகுப்பு. அதற்கு இரண்டு முழு ஆண்டுகள் இருக்கின்றன. தம்பியிடம் சொல்லுங்கள், அந்தப் பயத்தை இப்போதைக்கு மூட்டை கட்டி வைக்கட்டும்.

இன்னொன்றையும் யாராவது சொல்லியிருப்பார்கள், தனியார் பள்ளியில் 25 சதவீதம் இலவச இடம் என்று. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அது உண்டுதான். ஆனால் தொடக்க வகுப்பில் சேரும்போதுதான், அதாவது எல்கேஜியிலோ ஒன்றாம் வகுப்பிலோ. நான்காம் வகுப்புக்கு அந்தக் கதவு திறக்காது. வாங்கித் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

இனி, நம்பலாமா என்ற கேள்வி. உங்கள் பள்ளியில் 150 பேர் 32 ஆனது எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். நான் 31 ஆண்டுகள் இந்த வட்டாரத்துப் பள்ளிகளில்தான் இருந்தேன். ஆசிரியையாக, தலைமை ஆசிரியையாக, கடைசி ஆறு ஆண்டுகள் வட்டாரக் கல்வி அலுவலராக. பள்ளிகள் கரைந்ததைப் பதிவேட்டின் பக்கங்களில் பார்த்தவள் நான்.

அது பாடம் சரியில்லாமல் தொடங்கியதில்லை. மூன்று வயதில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஐந்து வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. தனியார் பள்ளி மூன்று வயதிலேயே எல்கேஜி என்று பிள்ளையை வாங்கிக்கொண்டது. அங்கன்வாடியைச் சோறு போடும் இடமாகத்தான் ஊர் பார்த்தது. இரண்டு ஆண்டு வேனில் போய்ப் பழகிய பிள்ளையை எந்தத் தாய் இறக்கிக் கொண்டுவந்து நம் பள்ளியில் சேர்ப்பாள்? அண்ணன் போன வேனில் தங்கையும் ஏறுவாள். 2019-ல்தான் அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கிப் பார்த்தது. அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டிருந்தது. ஆங்கில வழியும் அப்படித்தான். 2012-13 கல்வி ஆண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன, ஆனால் பல இடங்களில் அதற்கென்று தனி ஆசிரியர் வரவில்லை. அதே டீச்சர், அதே அறை. இடப்பக்கம் தமிழ் வழி, வலப்பக்கம் ஆங்கில வழி. பெயர்ப்பலகையில் ஒரு வரி கூடியது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் உண்மையான சுருக்கு. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 ஆனால் மூன்று. இது சட்டத்தில் உள்ள கணக்கு. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் நிர்ணயிப்பார்கள். 64 பேர் இருந்த பள்ளியில் ஆறு பேர் வேனில் ஏறிவிட்டால் 58. உடனே மூன்றாவது ஆசிரியர் உபரி. பணி நிரவல் என்று வேறு ஊருக்குப் போய்விடுவார். ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பெற்றோர், “டீச்சரே இல்லாத பள்ளியில் பிள்ளையை எப்படி விடுவது” என்று கிளம்புவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பணி நிரவல் ஆணைகளைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

உங்கள் பள்ளியின் 32 பேருக்கு இரண்டு டீச்சர் என்றால், கணக்குப்படி 16 பிள்ளைகளுக்கு ஒருவர். எந்த மெட்ரிக் பள்ளியிலும் இது கிடைக்காது. ஆனால் அந்த 16 பேர் இரண்டு மூன்று வகுப்புகளில் சிதறிக்கிடக்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனால், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஓர் அறையில் உட்கார வைத்து அமைதியாக இருக்கச் சொல்வதோடு அன்றைய பாடம் முடிந்துவிடும். காகிதத்தில் நன்றாகத் தெரியும் பள்ளிக்கும் உங்கள் மகள் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கும் இடையே இவ்வளவு தூரம்.

நம் மாவட்டத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் 2024-லும் 2025-லும் மாநிலத்தில் கடைசி மாவட்டம் வேலூர்தான். 2024-ல் மாநிலம் 91.55 சதவீதம், நாம் 82.07. அடுத்த ஆண்டு மாநிலம் 93.80, நாம் 85.44. இது அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும் சேர்ந்த கணக்கு என்பது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. காலையில் பீடி சுற்றிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள், அம்மாவும் அப்பாவும் கம்பெனி பஸ் ஏறிய பிறகு தானே எழுந்து கிளம்பும் பிள்ளைகள், பேரணாம்பட்டுப் பக்கத்திலும் ஜவ்வாது மலையடிவாரத்திலும் பத்தாம் வகுப்பிலேயே வேலைக்குப் போய்விடும் பையன்கள் என்று காரணங்களை நான் அடுக்கலாம். எல்லாம் நிஜம். ஆனால் எட்டாம் வகுப்பு வரை எல்லாரும் தேர்ச்சி என்று அனுப்பிவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாதவளைப் பத்தாம் வகுப்பு ஆசிரியர் தலையில் கட்டியவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள்தான். என் பள்ளியிலேயே ஐந்து ஆண்டு படித்த ஒரு பெண்ணுக்குத் தன் ஊர்ப் பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரியவில்லை. அவளுக்கு ஆண்டுதோறும் தேர்ச்சி போட்டதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

இப்போது, நீங்கள் நேரடியாகக் கேட்காத, எனக்குச் சங்கடமான அந்தக் கேள்வி. கே.வி.குப்பம் பக்கத்தில் நான் தலைமை ஆசிரியையாக இருந்தபோது ஒரு மே மாதம் மேளத்தோடு மாணவர் சேர்க்கை ஊர்வலம் போனோம். ஒரு வீட்டு வாசலில் உங்கள் வயதிருக்கும் ஒரு பெண், புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “டீச்சர், உங்கள் பையன் எங்கே படிக்கிறான்?” என் மகன் அப்போது ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. நான் வேலை பார்த்த பள்ளி வீட்டிலிருந்து 22 கிலோமீட்டர், அதனால்தான் என்று வழக்கமாக எல்லாரிடமும் சொல்லிவந்ததையே அவளிடமும் சொன்னேன். எங்கள் வீட்டிலிருந்து நானூறு அடி தூரத்தில் ஒரு நகராட்சிப் பள்ளி இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் சிரித்தாள், மறுபேச்சுப் பேசவில்லை. மேளக்காரரும் கொஞ்சம் நேரம் அடிக்கவில்லை.

அரசு ஆசிரியர்களும் அதிகாரிகளும் தங்கள் பிள்ளைகளை எங்கே படிக்க வைக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் ஊர் முடிவெடுக்கிறது. 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் படிக்க வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதைக் கேட்டு நாடெங்கும் ஆசிரியர் அறைகளில் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. ஆகவே “அரசுப் பள்ளியை நம்புங்கள்” என்று உங்களிடம் சொல்லும் யோக்கியதை எனக்குக் கொஞ்சம் குறைவு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வாலாஜாபேட்டை அரசுப் பள்ளியில் படித்தவர் என்று இங்கே ஒவ்வோர் ஆசிரியர் தின மேடையிலும் சொல்வார்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய கதையைச் சொல்லி இன்றைய நான்காம் வகுப்பை விற்க எனக்கு மனமில்லை.

அரசுப் பள்ளி என்ற மொத்தத்தை நீங்கள் நம்ப வேண்டியதும் இல்லை, நம்பாமல் விட வேண்டியதும் இல்லை. உங்கள் மகள் போவது ஒரே ஒரு பள்ளிக்கு. அதில் இரண்டு டீச்சர்கள். அவர்களில் ஒருத்தியிடம் அவள் நான்காம் வகுப்புப் படிக்கப் போகிறாள். அதைப் பார்த்து முடிவெடுங்கள். அதே போல மெட்ரிக் பள்ளி என்ற மொத்தத்தையும் பார்க்காதீர்கள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த கையோடு மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக வரும் அந்த ஒரு பள்ளியை, அதில் நான்காம் வகுப்பு எடுக்கப்போகும் அந்த ஒரு டீச்சரைப் பாருங்கள். நல்ல மெட்ரிக் பள்ளிகளும் உண்டு, பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைக்கும் டீச்சர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் உங்கள் கம்பெனிச் சம்பளத்தைவிடக் குறைந்த சம்பளத்துக்கு அங்கே பாடம் நடத்தும் பெண்களையும் எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் என் பழைய மாணவிகள். கல்யாணம் ஆனதும், வேறு வேலை கிடைத்ததும் நடு வருடத்தில் போய்விடுவார்கள். உங்கள் ஊர்ப் பள்ளி டீச்சரைப் பத்து வருடம் பார்த்து அலுத்திருப்பீர்கள். அங்கே ஒரே வருடத்தில் மூன்று முகம் பார்க்க நேரலாம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஆங்கிலப் பாட்டுக்கு வருவோம். அப்பாவுக்கு விபத்து ஏற்பட்டு, கட்டணம் கட்ட முடியாமல், ஆறாம் வகுப்புக்கு எங்கள் ஒன்றியத்து நடுநிலைப் பள்ளி ஒன்றுக்கு ஒரு பையன் வந்தான். ஆங்கிலப் பாடத்தைக் கொடுத்தேன். தண்ணீர் கொட்டினாற்போலப் படித்தான். டீச்சர்கள் ஆச்சரியப்பட்டார்கள். நான் அவன் விரலைப் பார்த்தேன். வாய் நான்காவது வரியில் இருந்தது, விரல் இரண்டாவது வரியில். ஒரு சொல்லை என் கட்டைவிரலால் மறைத்துவிட்டு அடுத்த சொல்லைக் கேட்டதும் நின்றுவிட்டான். பக்கம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம், ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாது. அவன் மந்தமான பையன் இல்லை. ஆறு மாதத்தில் தமிழ் வாசித்தான், பிறகு ஆங்கிலமும் வந்தது. அந்த ஐந்து ஆண்டுகளுக்கு அவன் அப்பா கட்டிய பணத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

உங்களுக்குத் தெரிந்திருக்காது, யாரும் சொல்லவும் மாட்டார்கள்: 2011-லிருந்து மெட்ரிக் என்று தனிப் பாடத்திட்டம் கிடையாது. சமச்சீர்க் கல்வி வந்து, உச்ச நீதிமன்றமும் உறுதி செய்த பிறகு, பத்தாம் வகுப்பில் அந்தப் பள்ளிப் பிள்ளைகளும் உங்கள் மகளும் எழுதப்போவது ஒரே பாடத்திட்டத்தில், ஒரே தேர்வு. மெட்ரிக் என்பது பெயர்ப்பலகையில் மிச்சமிருக்கிறது. கூடவே நாலைந்து தனியார் பதிப்பகப் புத்தகங்களை விலைக்குத் தருவார்கள். பையின் கனம் கூடும்.

இனி மாமியார் பேச்சு. “காலனிப் பிள்ளைகளோடு உட்கார வைக்கிறாய்” என்ற சொல்லில் படிப்பைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை, கவனித்தீர்களா? நம் பக்கத்தில் அரசுப் பள்ளி தரம் கெட்டுவிட்டது என்று சொல்கிறவர்களில் பலருக்கு மனசில் இருப்பது இதுதான். ஊர்த் தெருப் பிள்ளைகள் வேனில் ஏறிப் போன பிறகு மிச்சமிருப்பவர்கள் காலனிப் பிள்ளைகளும் உங்களைப் போலக் கட்டணம் கட்ட முடியாதவர்களும். பிறகு அதையே காட்டி அது மட்டமான பள்ளி என்கிறார்கள். பெரியவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் உங்கள் மகள் காதில் அது விழுகிறது. நாளைக்கு அவளே பக்கத்தில் உட்காரும் தோழியைத் தள்ளி உட்காரச் சொல்வாள். “அவள் தோழி நன்றாகக் கணக்குப் போடுகிறாள் அத்தை” என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகை ஓர் ஆண்டுக்குக் கட்டும். அடகு வட்டி ஏறும், அடுத்த ஜூனில் மறுபடியும் 26,000 வேண்டும், வேனுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு 9,600 வேண்டும். பள்ளியில் இலவசமாகக் கிடைக்கும் புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டும். நீங்கள் ஆறே முக்கால் பஸ்ஸுக்குப் போகிறவர். இப்போது அவள் பள்ளியில் காலை உணவு சாப்பிடுகிறாள். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அது இருக்கிறது. மதியம் முட்டையோடு சத்துணவு. வேனில் அனுப்பினால் ஆறு மணிக்குள் இரண்டு வேளைக்கும் கட்ட வேண்டும். இதை அற்பமாக நினைக்காதீர்கள். பசியோடு முதல் மணி நேரம் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன்.

கொரோனா ஆண்டுகளில் வேலை போனவர்கள் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அரசுப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். கட்டண பாக்கி என்று மாற்றுச் சான்றிதழ் தராமல் சில பள்ளிகள் இழுத்தடித்தன. சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது, நாங்கள் சேர்த்துக்கொண்டோம். இரண்டு ஆண்டில் அவர்களில் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். நம்பிக்கையை மீட்க எங்களுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. தவறவிட்டோம்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் ஒன்றைத் தேடி எடுங்கள். மூன்றாம் வகுப்புப் புத்தகம் வேண்டாம், இரண்டாம் வகுப்புதான். அவள் மனப்பாடம் செய்யாத ஒரு பத்தியைத் திறந்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள். பத்தி வரவில்லையென்றால் ஒரு வாக்கியம், அதுவும் வரவில்லையென்றால் தனிச் சொற்கள், பிறகு எழுத்துகள். எந்தப் படியில் நிற்கிறாள் என்று தெரிந்துவிடும், அதை ஒரு காகிதத்தில் குறித்துவையுங்கள். பிறகு 52-லிருந்து 37-ஐக் கழிக்கச் சொல்லுங்கள், கடன் வாங்கத் தெரிகிறதா என்று பார்க்க. அசர் என்ற பெயரில் 2005 முதல் நாடு முழுவதும் கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஓர் ஆய்வு செய்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளிடம் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். பத்து நிமிடம் போதும். முடிந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் விளையாட்டுப் போல உட்கார வைத்து அதே பத்தியைக் கேளுங்கள். போட்டிக்காக இல்லை, 26,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள.

அந்தக் காகிதத்தோடு ஜூன் முதல் வாரத்தில் அரைநாள் விடுப்புப் போட்டுப் பள்ளிக்குப் போங்கள். “என் மகள் எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பா, மொட்டா, மலரா?” என்று டீச்சரிடம் கேளுங்கள். உங்களுக்கு இது தெரியும் என்று அவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள். எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டத்தில் 2022-லிருந்து தொடக்க வகுப்புப் பிள்ளைகளை இப்படி மூன்று நிலையாகப் பிரித்துத்தான் பாடம் எடுக்கிறார்கள். நான்கு, ஐந்துக்கும் பிறகு அது வந்தது. அவள் எந்த நிலையில் இருக்கிறாள், அடுத்த நிலைக்கு எப்போது போவாள் என்பதற்கு டீச்சர் நேராகப் பதில் சொன்னால், அந்த டீச்சரை நம்பலாம். “எல்லாம் நன்றாகத்தான் படிக்கிறாள்” என்று பொதுவாகச் சொன்னால், நீங்கள் வாசிக்க வைத்துக் குறித்த காகிதத்தைக் காட்டுங்கள். கோபமில்லாமல் காட்டுங்கள். நல்ல டீச்சராக இருந்தால் கொஞ்சம் கூசிவிட்டு வேலையைத் தொடங்குவார். என்னிடம் யாராவது அப்படிக் காட்டியிருந்தால் ஊர்ப் பெயர் எழுதத் தெரியாத அந்தப் பெண்ணை நான் கவனித்திருப்பேன்.

வீட்டில் தினமும் கால் மணி நேரம் அவள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டட்டும். அவர் தறியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் போதும், அவருக்கு எழுத்துத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. தடுக்கித் தடுக்கி வாசிப்பது நோயில்லை. வாசிக்கும் நேரம் போதவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. இரண்டு டீச்சர் உள்ள பள்ளியில் அந்த நேரம் கிடைப்பது கஷ்டம், வேனில் ஒன்றரை மணி நேரம் போய்வந்தாலும் கிடைக்காது.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருப்பது தெரியுமா? அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊரில் யார் தலைவி என்று கேட்டுப் பாருங்கள், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்! நான் பார்வைக்குப் போன பள்ளிகளில் கூட்டம் நடந்ததாகக் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களைப் போன்ற நாலு பேர் போய் உட்கார்ந்தால் அது மாறும். ஆசிரியர் இடம் காலியாக இருந்தபோது தற்காலிக ஆசிரியரை இந்தக் குழு வழியாகவே நியமிக்க அரசு 2022-ல் அனுமதி தந்தது, அந்த அளவுக்குப் பலம் உள்ள குழு அது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் பள்ளிக்கு ஆசிரியர் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அன்று கம்பெனிக்கும் விடுமுறை. தீர்மானத்தின் நகல் வட்டாரக் கல்வி அலுவலர் மேசைக்குப் போகும். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன், தலைமை ஆசிரியர் அனுப்பும் பத்துக் கடிதத்தைவிட ஒரு கிராம சபைத் தீர்மானம் எங்களைப் பதறவைக்கும்.

டிசம்பர் அரையாண்டு வரை இப்படிச் செய்து பாருங்கள். இந்த ஜூனில் மாற்ற வேண்டாம் என்பதுதான் என் முடிவு. டிசம்பரில் அதே பத்தியில் அதே இடத்தில் அவள் நின்றால், அப்போதும் நேராக வேனுக்குப் போக வேண்டாம். மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி எது என்று பாருங்கள். எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் ஆசிரியர்கள் கூடுதல், வகுப்புக்கு ஓர் ஆள் கிடைக்க வாய்ப்பு அதிகம். இந்த மூன்றாவது வழியை எவரும் சொல்வதில்லை, ஏனென்றால் அதற்கு மைக் கட்டி விளம்பரம் செய்ய ஆளில்லை. நம் மாவட்டத்தில் ஆற்காடு மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் காலத்திலிருந்து இருக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் உண்டு. அங்கே ஆசிரியர் சம்பளம் அரசு தருவது. சில நன்றாகவே நடக்கின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை: 7.5 சதவீதம் அரசு உதவிபெறும் பள்ளிக்குப் பொருந்தாது. நான்கு, ஐந்து அங்கே படிக்கலாம், ஆறாம் வகுப்புக்கு முன்னால் யோசித்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் மெட்ரிக் பள்ளிதான் என்று வீட்டில் முடிவானால், உங்களை நான் திட்ட மாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அலுவலக அறையில் நின்று, கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு விதித்த கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் 2009 சட்டத்தின்படி அமைந்த குழு அது. அதற்கு மேல் வாங்கக் கூடாது. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். நான்காம் வகுப்பு டீச்சர் எத்தனை வருடமாக இருக்கிறார் என்றும் கேளுங்கள். கட்டணத்தைப் பற்றிப் புகார் என்றாலும், அரசுப் பள்ளியைப் பற்றிச் சந்தேகம் என்றாலும், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வைத்ததும் எந்தப் பக்கம், எந்தச் சொல்லில் நின்றாள் என்று எனக்கு எழுதுங்கள். ற, ர குழப்பமா, கூட்டெழுத்தா, ஒற்றெழுத்தா என்று அந்தச் சொற்களைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன். அதற்குத் தகுந்த வாசிப்பை நானே எழுதி அனுப்புகிறேன்.